லொறியில் முதலாளியின் பெயர், கிளீனரின் பெயர் எங்கே?

கல்முனைக் கரையில் நாற்பது வயசு தாண்டிய யாரிடமாவது "கொழும்பு லொறி" என்று சொல்லிப் பாருங்கள். உடனே கதை தொடங்கும். அஸர் தொழுதுவிட்டு வரும்போது கடைத்தெருவில் நின்ற லொறி, மூடை அடுக்குகிறவர்களின் சத்தம், படங்கை இழுத்துக் கட்டுவதைப் பார்க்கக் கூடி நிற்கும் சின்னப் பிள்ளைகள், மஃரிபுக்குப் பிறகு தெருவையே உலுக்கிவிட்டுப் போகும் ஹோர்ன். எங்கட வயசுப் பிள்ளைகளிடம் சொன்னால் "எந்த லொறி?" என்றுதான் கேட்பார்கள். நாங்களும் போன வருஷம் வரைக்கும் அப்படிக் கேட்ட ஆட்கள்தான்.

போன வருஷம் எங்கட பீடத்தில் உள்ளூர் வரலாறு பற்றி ஒரு ஒப்படை தந்தார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து, எங்கட ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிப் பிறகு இல்லாமல் போன ஒரு லொறிச் சேவையை எடுத்தோம். ஊரில் அதுக்குக் "கம்பனி" என்றுதான் பெயர். கம்பனி என்றதும் பெரிய கட்டடமும் முகாமையாளரும் கண்ணுக்குள் வந்தால் மன்னிக்க வேணும். ஒரு முதலாளி, நல்லா ஓடின காலத்தில் ஆறு லொறி, கடைத்தெருவில் ஒரு மேசை, புறக்கோட்டையில் யாரோ ஒருவரின் கடை ஓரத்தில் இன்னொரு மேசை. அவ்வளவுதான் கம்பனி. விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆவணம் ஏதும் இருக்கா?" இல்லை. தலைப்பை மாற்றச் சொன்னார். மாற்றினோம், நல்ல புள்ளியும் கிடைத்தது. ஆனால் லொறி எங்களை விடவில்லை.

கம்பனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது, எங்களில் ஒருவருக்குச் சொந்தமும்கூட. அதோட, இது ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எங்கே போய்க் கேட்டாலும் இப்படி ஒன்றிரண்டு சேவைகளைச் சொல்கிறார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கி, ஒரே மாதிரி முடிந்திருக்கின்றன.

எங்கட கரைக்கு லொறி ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்ல வேணும். ரயில் மட்டக்களப்போட நின்றுவிடுகிறது. 1928இல் அங்கே வந்த தண்டவாளம் இன்றுவரை ஒரு அடி தெற்கே நகரவில்லை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் ரயில் வரும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகிறது. துறைமுகமும் இல்லை. ஒலுவிலில் டென்மார்க்கின் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல் வருமென்று எதிர்பார்த்தோம். கப்பல் வரவில்லை. வாய்க்குள் மணல் வந்தது, பக்கத்தில் கரையைக் கடல் தின்றது, தென்னந்தோட்டங்கள் போயின. ஆகவே எங்கட நெல்லும் மீனும் சாரமும் வெளியே போனதும், சீனியும் சீமெந்தும் உள்ளே வந்ததும் றோட்டால்தான். கரையில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு முதுகு காட்டி வியாபாரம் செய்த ஊர்கள் இவை.

போகும்போது லொறியில் என்ன இருக்கும் என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் வேறு. சம்மாந்துறைக்காரர் அரிசி என்பார். மருதமுனைக்காரர் சாரமும் படுக்கை விரிப்பும் என்பார். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனைப் பக்கம் பன்பாய்க் கட்டு. கருவாடு எல்லா ஊரிலும். எருமைத் தயிர்ச் சட்டிகளை வைக்கோல் வைத்து அடுக்கி, உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனிக் கெட்டித்தனம் என்கிறார்கள். வரும்போது வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, தகரம், ஆணி, நூல். நூல் முக்கியம். மருதமுனையில் தறி ஓடுவதும் நிற்பதும் கொழும்பிலிருந்து நூல் வருவதைப் பொறுத்தது. எங்களில் ஒருவரின் உம்மம்மா தறி நெய்தவர். "லொறி ஹோர்ன் கேட்டாத்தான் மனே அடுத்த கிழமைச் சோறு நிச்சயம்" என்று அவர் சொன்னதை நாங்கள் ஒப்படையில் போட முடியவில்லை. அதுக்கும் ஆவணம் இல்லை.

இதையெல்லாம் நடத்தியது ஒரு துண்டுக் கடதாசி. சாமான் யாருக்கு, எத்தனை மூடை, எவ்வளவு காசு வாங்கிவர வேணும் என்று பென்சிலால் எழுதிய துண்டு. கல்முனைக் கடைக்காரர் லொறியில் அரிசி ஏற்றிவிடுவார். பழைய சோனகத் தெருவில் அதை இறக்குகிறவர் காசை லொறிக்காரரிடமே கொடுத்துவிடுவார். அந்தக் காசில் நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் கெய்சர் வீதியில் துணியும் வாங்கிக்கொண்டு லொறி திரும்பும். வங்கி இல்லை, காசோலை இல்லை. ஆயிரக்கணக்கான ரூபாய் ஒரு றைவரின் சாரத்து மடிக்குள் மலை ஏறி இறங்கியது. கொழும்பில் வேலை செய்த பிள்ளைகளுக்கு உம்மாமார் அனுப்பின பொரித்த கருவாட்டுப் பொட்டலத்தில் இருந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய கடிதம் வரைக்கும் அந்த மடிக்குள்தான்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவரைத் தெருவில் எல்லோரும் "லொறிக் காக்கா" என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியும், எழுதவில்லை. 1974இல் பதின்மூன்று வயசில் கிளீனராக லொறியில் ஏறியவர். 2006இல் கம்பனி கதவை மூடும் வரைக்கும் கிளீனர்தான். முப்பத்திரண்டு வருஷம்.

கிளீனர் என்றால் லொறியைக் கழுவுகிற ஆள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் சிரித்தார். "கழுவுறது கடைசி வேலை மனே." மூடை அடுக்குவது, படங்கு கட்டுவது, இரவெல்லாம் றைவர் தூங்காமல் பேச்சுக் கொடுப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடுவது, டயர் மாற்றுவது, புறக்கோட்டையில் நாட்டாமிமாரோடு விலை பேசுவது, இறக்கின மூடையை எண்ணுவது. எல்லாவற்றுக்கும் மேலே, ஏற்றத்தில் அடைக்கட்டையோடு லொறிக்குப் பின்னால் ஓடுவது.

அம்பாறை, உகண, மஹாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை, அதுக்குப் பிறகு பதினெட்டு வளைவு, பிறகு கண்டி. இதுதான் அவருடைய பாதை. மஹாஓயாவில் வெந்நீர் ஊற்றில் குளிப்பார்களாம். நடுச்சாமத்தில் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, குளிரில் மலை ஏறுவது. பதினெட்டு வளைவை இப்போது அகலமாக்கிவிட்டார்கள், நாங்கள் பஸ்ஸில் போகும்போது தூங்கிக்கொண்டே ஏறிவிடுகிறோம். அந்தக் காலத்தில் பாரம் ஏற்றிய லொறி ஒரே வெட்டில் வளைவில் திரும்பாதாம். முன்னுக்கு எடுத்து, பின்னுக்கு விட்டு, மறுபடி முன்னுக்கு எடுக்க வேணும். பின்னுக்கு விடுகிற அந்த நேரத்தில் சில்லுக்குக் கீழே கட்டையை வைப்பது கிளீனர். கட்டை வழுக்கினால் லொறி பள்ளத்தில், கிளீனர் அதுக்கும் முந்திப் பள்ளத்தில். "பதினெட்டுத் தரம் கலிமாச் சொல்லுவன்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

அவருடைய முதல் லொறி ஒரு பெட்ஃபோர்ட். மரப் பாடி, முன்னுக்கு நீண்ட மூக்கு. இந்தப் பெயரைத் தேடிப் போன இடத்தில் எங்களுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. பெட்ஃபோர்ட் இங்கிலாந்தில் லூட்டன் என்ற ஊரில் 1931இல் தொடங்கிய லொறி. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் என்று பிரித்தானியா ஆண்ட நாடெல்லாம் ஓடியது. 1986இல் அதன் சொந்தக்கார நிறுவனமான ஜெனரல் மோட்டோர்ஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கம்பனியும் போய், லொறியைச் செய்த கம்பனியும் போய்விட்டது. ஆனால் பெட்ஃபோர்டுக்கு அங்கே புத்தகங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகங்களில் இடம் இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆட்கள் பழைய லொறிகளைத் தேடி வாங்கி மினுக்கி வருஷா வருஷம் ஊர்வலம் விடுகிறார்கள். இங்கே எங்கட பெட்ஃபோர்ட் இரும்பு விலைக்குப் போனது. இன்றைக்கு இருந்திருந்தால் கல்யாணப் படம் எடுக்க வாடகைக்கு விட்டிருப்பார்கள் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். உண்மைதான்.

1970களைப் பற்றிக் கேட்டால் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே விஷயத்தில் வந்து நிற்கிறார்கள்: ஹால்பொல்ல. அரசாங்கம் 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையை உண்டாக்கியது. கொஞ்சக் காலத்தில் தனியார் நெல்லும் அரிசியும் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்த றோட்டுக்குக் குறுக்கே தடைமரம் போட்டார்கள். அதைத்தான் சிங்களத்தில் ஹால்பொல்ல என்றார்கள். கையில் இரண்டு மூன்று கொத்து அரிசி கூடினாலே பிடிப்பார்கள். நாட்டுக்கே சோறு போடுகிற வயல்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, கொழும்பிலுள்ள மகளுக்கு அரிசி அனுப்பப் பயந்த காலம். லொறிக் காக்கா வேலைக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் பாடம், கருவாட்டு மூடைக்குக் கீழே அரிசி எப்படிப் போவது என்பதுதான். கருவாட்டு நாற்றத்தில் பொலிஸ்காரர் கிட்ட வரமாட்டாராம். அதே காலம்தான் மருதமுனைக்குப் பொற்காலமும். வெளிநாட்டுத் துணி வராததால் தறி இரவு பகல் ஓடியது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. அரிசி தாராளமாகப் போனது, இறக்குமதித் துணியும் தாராளமாக வந்தது. தறிச் சத்தம் குறைந்தது. ஒரே லொறிதான். போகும்போது ஒருவருக்கு வாழ்வைக் கொண்டுபோய், வரும்போது இன்னொருவரின் வாழ்வை எடுக்கிற துணியைக் கொண்டு வந்தது.

யுத்த காலத்தைப் பற்றி எழுதுவது இலேசு இல்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. ஜூலையில் குருக்கள்மடத்தில், மட்டக்களப்பு வீதியால் வந்த முஸ்லிம்களைப் புலிகள் வாகனங்களிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர்களில் சாமான் எடுத்துவந்த வியாபாரிகளும் இருந்தார்கள். அதே காலத்தில் கல்முனையிலும் சுற்றுவட்டத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் பிடிக்கப்பட்டுத் திரும்பி வராமல் போனார்கள். அதுவரைக்கும் கம்பனியில் இரண்டு தமிழ் றைவர்மார் இருந்தார்களாம். லொறிக் காக்கா அவர்களை "அண்ணன்" என்றுதான் இப்போதும் சொல்கிறார். 1990க்குப் பிறகு அவர்கள் வரவில்லை. கம்பனியும் வரச் சொல்லவில்லை. "பயம் மனே. அவருக்கு நம்மட தெருவால வரப் பயம், நமக்கு அவர்ட தெருவால போகப் பயம். லொறி மட்டும்தான் ரெண்டு தெருவாலயும் போன சாமான்." இந்த வசனத்தை நாங்கள் பலமுறை எங்களுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறோம். கல்முனைக்கு ஒரு பிரதேச செயலகமா இரண்டா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிற ஊர் எங்கட ஊர். ஒரே லொறியில் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் இருந்த ஊரும் அதுதான் என்பதை எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

பிறகு செக்பொயின்ட். ஏற்றின மூடை எல்லாவற்றையும் இறக்கி, குத்திப் பார்த்து, திரும்ப ஏற்ற வேணும். பற்றரி ஏன், யூரியா யாருக்கு என்று கேள்வி. ஒரு இரவுப் பயணம் இரண்டு நாளாகியது. அந்த ஏற்றி இறக்கலுக்குத் தனிக் கூலி இல்லை. அப்படி ஒரு நாள் அவசரமாகத் திரும்பக் கட்டும்போதுதான் படங்குக் கயிறு அறுந்து லொறிக் காக்காவின் இடது கண்ணில் அடித்தது. பார்வை போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு அரிசி அனுப்பினார். அதன் பிறகு மறுபடி வேலை. ஒற்றைக் கண்ணோடு றைவராக முடியாது, ஆகவே கடைசி வரைக்கும் கிளீனர்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தது. நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போனது எங்கட அம்பாறை மாவட்டத்தில். கம்பனியின் மேசையும் கணக்குப் புத்தகங்களும் போயின. இரண்டு லொறி உப்புத் தண்ணீரில் நின்று துருப்பிடித்தது. மிச்சத்தை வைத்து ஒன்றரை வருஷம் இழுத்தார்கள். அதுக்குள் காலமும் மாறிவிட்டது. லீசிங்கில் ஆளுக்கொரு இசுசு எல்ஃப் எடுத்தார்கள். அரிசி ஆலைக்காரர் சொந்த லொறி வாங்கினார்கள். தம்புள்ளையில் 1999இல் தொடங்கிய பொருளாதார மத்திய நிலையத்தால் மரக்கறியின் பாதையே வேறாகிவிட்டது. பெடியன்மார் சவூதிக்கும் கட்டாருக்கும் றைவராகப் போனார்கள். கம்பனி மூடியதாக ஒருவரும் அறிவிக்கவில்லை. ஒரு நாள் லொறி வரவில்லை, அவ்வளவுதான்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

ஊரில் லொறிக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலாளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எவ்வளவு நல்ல மனிசன், எத்தனை குமர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், பள்ளிவாசல் மேல்மாடிக்கு எவ்வளவு கொடுத்தார். எல்லாம் உண்மை. நாங்கள் மறுக்கவில்லை. லொறியின் நெற்றியில் அவருடைய பெயர், பள்ளிவாசல் கல்லில் அவருடைய பெயர். நாங்களும் ஒப்படைக்கு முதலில் கேள்வி எழுதினபோது பத்துக் கேள்வியில் எட்டு முதலாளியைப் பற்றித்தான். எங்களை நாங்களே குறை சொல்லித்தான் இதை எழுதுகிறோம்.

லொறிக் காக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்த அவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரு சதம் இல்லை. அந்தச் சட்டம் வந்தது 1958இல். அவர் லொறியில் ஏறும்போது சட்டத்துக்குப் பதினாறு வயசு, அவரை விட மூத்தது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் கட்ட வேணும்: சம்பளத்தில் தொழிலாளியிடம் எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம். 1981இல் இருந்து ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் மூன்று வீதம். வேலையில் கண் போனால் நட்டஈடு கொடுக்க 1934இல் இருந்தே சட்டம் இருக்கிறது. பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது, ஆனால் அது பதினைந்து பேருக்குக் குறையாத இடத்துக்குத்தான். ஆறு லொறிக் கம்பனியில் எத்தனை பேர் என்பதை யார் எண்ணி வைத்தார்கள்? எண்ணின புத்தகம் கடலோடு போய்விட்டது. புத்தகத்தில் அவருடைய பெயர் இருந்ததா என்பதே சந்தேகம். "சம்பளப் புத்தகம் எல்லாம் இல்ல மனே, ட்ரிப்புக்கு ஒரு காசு" என்கிறார்.

போன வருஷக் கடைசியில் நாங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் நல்லவர், உட்காரச் சொன்னார், தேத்தண்ணியும் தந்தார். தொழில் தருநர் இலக்கம் இருக்கா, அங்கத்துவ இலக்கம் இருக்கா, சம்பளத் துண்டு இருக்கா, நியமனக் கடிதம் இருக்கா. நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விரிவுரையாளர் கேட்ட அதே கேள்வி. ஆவணம் இருக்கா? வரலாறு எழுதவும் அதுதான் வேணும், பென்சன் எடுக்கவும் அதுதான் வேணும். கம்பனி இல்லாமல் போனால் ஊருக்கு ஒரு நினைவு போகிறது. லொறிக் காக்காவுக்குச் சாட்சியே போகிறது.

"அந்தக் காலத்தில எல்லாம் நம்பிக்கையில ஓடிச்சு" என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும்போது இப்போது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல் வருகிறது. துண்டுக் கடதாசி நம்பிக்கை வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவில் நன்றாக ஓடியது. அங்கே ஒரு மூடை குறைந்தாலும் எழுத்தில் இருந்தது. கிளீனரின் கூலிக்கு மட்டும் ஏன் துண்டு இல்லை? கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லி எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஆனால் பெருநாளைக்கு ஒரு சாரமும் வருத்தத்துக்கு ஒரு மூடை அரிசியும் கொடுத்தால் அது கூலியோடு சேர்ந்துவிடும் என்று ஊரே ஏற்றுக்கொண்டது. தர்மமாகக் கொடுத்தது முதலாளியின் நன்மை ஏட்டில் போகட்டும். எட்டும் பன்னிரண்டும் இருபது வீதம் தர்மம் இல்லை, அது அந்த ஆளின் சொந்தக் காசு. இதைச் சொன்னால் "இந்தப் பெடியன்மாருக்குப் படிப்பு கூடிப் போச்சு" என்கிறார்கள். சொல்லட்டும்.

வேற இடங்களில் எப்படி என்று பார்த்தோம். பிரித்தானியாவில் 1947இல் சட்டம் கொண்டுவந்து, தனியார் லொறிக் கம்பனிகளை வாங்கி, பிரிட்டிஷ் றோட் சேர்விசஸ் என்று அரசாங்கமே நடத்தியது. 1953இல் ஆட்சி மாறினதும் ஒரு பகுதியை விற்றார்கள். மிச்சம் 1969இல் நெஷனல் ஃப்ரெய்ட் கோப்பரேஷன் என்ற பெயருக்குள் போனது. 1982இல் அதையும் விற்கத் தீர்மானித்தபோது, வேலை செய்த ஆட்களே, றைவர்மாரும் கிளார்க்மாரும் சேர்ந்து, பங்கு போட்டு வாங்கினார்கள். பிறகு பங்கு விலை ஏறிச் சாதாரண லொறி றைவர்மாரும் காசு பார்த்தார்கள். அங்கே இன்றைக்கும் கிழவன்மார் தங்கட பழைய லொறியின் சிவப்பு நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அவர்களுடைய ஏக்கத்தைப் பார்த்து எங்களுக்குப் பொறாமை. பென்சனும் பங்கும் கையில் இருக்கிறவனுக்கு ஏங்குவதற்கு நேரம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மதுரையைச் சுற்றி டி.வி.எஸ். பற்றிச் சொல்வார்கள். 1911இல் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம். அதன் பஸ் வருவதைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்துவார்களாம். றோட்டில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டி விட்டதாகவும் ஒரு கதை. 1970களின் தொடக்கத்தில் அந்த பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபிறகும் பெயர் மட்டும் போகவில்லை. அங்கேயும் கதையில் நிற்பது முதலாளியின் நேர்மைதான். ஆனால் அரசாங்கம் எடுத்த பஸ்ஸில் கொண்டக்டருக்கு ஒரு பதிவு இலக்கம் வந்தது. எங்கட நாட்டிலும் 1958இல் பஸ்ஸை அரசுடைமை ஆக்கினார்கள், லொறியைத் தொடவில்லை. டிப்போவில் வேலை செய்த மாமாவுக்குச் சேமலாப நிதி வந்தது, அதே தெருவில் லொறியில் போன காக்காவுக்கு வரவில்லை. இதுக்காக லொறியையும் அரசாங்கம் எடுத்திருக்க வேணும் என்று நாங்கள் சொல்லவில்லை, சபையின் பஸ்ஸுக்குக் காத்து நின்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒரு இலக்கம், ஒரு பதிவு, அது போதும்.

இப்படி எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. இப்போது எங்கட வயசுப் பெடியன்மார் கூரியர் கம்பனிகளுக்கு மோட்டார்சைக்கிளில் பார்சல் கொண்டு ஓடுகிறார்கள். அரிசி ஆலை லொறியில் உதவியாளராகப் போகிறார்கள். பார்சலுக்கு இவ்வளவு, ட்ரிப்புக்கு இவ்வளவு. 2022இல் கியூ.ஆர். கோட் காட்டி எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, பெற்றோல் இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை என்றாகியது. எங்களில் ஒருவனே லீவில் அந்த வேலைக்குப் போனவன். "உனக்கு ஈ.பி.எஃப். கட்டினாங்களா?" என்று கேட்டோம். அவன் லொறிக் காக்கா சிரித்த மாதிரியே சிரித்தான்.

அதனால் நாங்கள் இப்போது செய்வது ஒப்படை இல்லை. கிடைக்கிற துண்டுகளைச் சேர்க்கிறோம். யுத்த காலத்தில் ஆமி கொடுத்த பாஸில் "லொறி கிளீனர்" என்று எழுதியிருந்தால் அது ஒரு சாட்சி. லொறியின் முன்னால் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஸ்ரீ நம்பர் தெரிந்தால் அதுவும் சாட்சி. பொலிஸ் எழுதின பழைய தண்டப் பத்திரம், ஆஸ்பத்திரித் துண்டு, கொழும்பிலிருந்து உம்மாவுக்கு எழுதின கடிதம். சட்டப் பீடத்தில் படிக்கிற ஒரு தோழியிடம் இவையெல்லாம் செல்லுமா என்று கேட்டோம். செல்லும் என்று அவள் சொல்லவில்லை, செல்லாது என்றும் சொல்லவில்லை, சேர்த்து வையுங்கள் என்றாள். உங்கட வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். வீடு வெள்ளையடிக்கும்போது எறிந்துவிடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு லொறிக் காக்காவின் வீட்டுக்குப் போனோம். கம்பனியில் வேலை செய்த ஆட்களின் பெயரைச் சொல்லச் சொல்லி, ஒருத்தி எழுதத் தொடங்கினாள். முதலாளியின் பெயரைத்தான் அவரும் முதலில் சொன்னார். அவரை விடுங்க காக்கா என்றோம். கண்ணை மூடிக்கொண்டு லொறி லொறியாகச் சொன்னார். பெட்ஃபோர்டில் யார், லேலண்டில் யார், மழைக்காலத்தில் மட்டும் வந்தவர் யார், மௌத்தானவர் யார், தமிழ் அண்ணன்மார் இரண்டு பேரும் யார். பத்தொன்பது பெயர் வந்தது. இருபதாவது ஆளில் நின்றுவிட்டார். பதினெட்டு வளைவில் கட்டை வைக்க அவருக்குப் பழக்கிக் கொடுத்த ஆள். ஏழெட்டு வருஷம் ஒரே படங்குக்குக் கீழே தூங்கியிருக்கிறார்கள்.

"அவரக் கட்டையன் எண்டுதான் கூப்பிடுற" என்றார். "சொந்தப் பேர் கேக்கல்ல மனே."

எழுதிக்கொண்டிருந்தவள் கட்டையன் என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.